ஐந்தாம் தேதி மட்டும் தப்பியது ஏன்?

குடிநீர் வாரிய அலுவலகத்தின் தபால் பிரிவில் வேலை பார்க்கும் அந்த அம்மாளை எல்லோரும் ஏனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் ஏனக்காதான். மேலாளர்கூட ஒரு முறை கோப்பில் குறிப்பெழுதும்போது ஏனக்காவுக்கு அனுப்பவும் என்று எழுதிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அடித்துத் திருத்தினார்.

கல்யாணமான புதிதில் அவர் "ஏங்க" என்றால், தன்னைக் கூப்பிடுகிறாரா, எதற்காவது காரணம் கேட்கிறாரா என்று புரியாமல் கணவர் திண்டாடியிருக்கிறார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். "எதுக்கு வம்புன்னு ரெண்டுக்கும் சேர்த்து 'வந்துட்டேன், தெரியல'ன்னு சொல்லப் பழகிட்டேன்" என்பார்.

அந்தப் பட்டப்பெயர் வந்தது பதினொரு வருடங்களுக்கு முன்பு. அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ள வாரம் ஒரு முறை, வியாழக்கிழமைகளில் ஒரு டெக்னீஷியன் வருவார். என்ன கோளாறு என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கணினியை அணைத்துப் போட்டிருப்பார். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் பழைய சுற்றறிக்கை ஒன்றைத் திறந்தபோது பக்கம் முழுக்க ஒரே கிறுக்கலாக இருந்தது. தமிழில் இருக்க வேண்டிய கடிதம். ஆனால் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடந்தன. டெக்னீஷியன் வந்தார், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தார், மேலே ஒரு பட்டியலில் எதையோ சொடுக்கினார். கண் இமைப்பதற்குள் பக்கம் முழுதும் சுத்தத் தமிழாக மாறியது.

"ஏன் இப்போ சரியாச்சு?" என்று கேட்டார் தபால் பிரிவு அம்மாள்.

"ஃபான்ட் மாத்தினேன்."

"ஃபான்ட்டை மாத்தினா இங்கிலீஷ் ஏன் தமிழாகணும்?"

"சரியாச்சுல்ல? அப்புறம் என்னக்கா ஏன்?" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று மாலையே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏனக்காவுக்குக் கோபம் வரவில்லை. கேள்விதான் போகவில்லை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தச் சுற்றறிக்கையை மீண்டும் கிறுக்கலாக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக இருந்தது. தமிழாக்கினால் அதே இடத்தில் அம்மா என்று வந்தது. எம் என்றால் அ. கே, அரைப்புள்ளி என்றால் ம். கே, எச் என்றால் மா. ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் இப்படியே எழுதிக்கொண்டு போனார். நான்காம் நாள் அவருக்கு விஷயம் பிடிபட்டது. அந்தப் பழைய கோப்புக்குள் தமிழே கிடையாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ஃபான்ட் என்பது அவற்றுக்கு மேலே போர்த்திய தமிழ்ச் சட்டை. சட்டை தொலைந்துபோனால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று! அவருக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை. கணவரிடம் சொன்னார். கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதனால நமக்கு என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க. தெரிஞ்சுதுல்ல, அதான்."

அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாருக்கு என்ன ஆனாலும் வியாழக்கிழமை வரை காத்திருப்பதில்லை. பிரிண்டர் பக்கத்தின் பாதியை விழுங்கினாலும், அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது என்று மிரட்டினாலும், எண்களுக்குப் பதிலாக ஒரு கட்டத்தில் ஒன்பது வேலிக்குறிகள் (#) நின்றாலும் ஏனக்காவைக் கூப்பிடுவார்கள். வேலிக்குறிகளுக்கு அவர் கட்டத்தைச் சற்று அகலப்படுத்திக் கொடுத்தார். எண் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. இடம் போதாமல் வெளியே வர முடியவில்லை, அவ்வளவுதான். "பேருந்துல படிக்கட்டுல தொங்குறவங்க மாதிரியா?" என்று கேட்டார் கணவர். "இல்லங்க, அவங்களாவது வெளியில தெரிவாங்க."

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆறு வருடங்களுக்கு முன்பு அவர் ஒரு பெரிய தப்புச் செய்தார்.

நாத்தனாருடைய வீட்டுக் கணினி நத்தை வேகத்துக்கு வந்துவிட்டது. ஏனக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் பறக்கும் என்றார். "முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு? அதைத் தொட மாட்டேன்" என்று கேட்கவும் செய்தார். "ஆமா அண்ணி" என்றாள் நாத்தனார். துடைத்தார், ஏற்றினார், கணினி பறந்தது. சாயங்காலம் நாத்தனார் வந்து உட்கார்ந்து, "பாப்பா போட்டோ எல்லாம் எங்க அண்ணி? எதிர்லயே, ஸ்கிரீன்லயே வெச்சிருந்தேனே?" என்றாள்.

திரையில் தெரிவது தனி இடம் என்று அவள் நினைத்திருந்தாள். அது துடைக்கப்பட்ட பகுதிக்குள்தான் இருந்தது. மகள் பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை எடுத்த அத்தனை படங்களும் போய்விட்டன. மீட்டெடுக்கும் மென்பொருள்களையெல்லாம் ஓட்டிப் பார்த்ததில் பதினேழு படங்கள் வந்தன. அவற்றிலும் பாதிக்கு மேல் சாம்பல் பூசியிருந்தது.

'நான் கேட்டேனே' என்ற வார்த்தை ஏனக்காவின் தொண்டை வரை வந்தது. நாத்தனாருடைய முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார். அதற்கப்புறம் அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. "நல்லா இருக்கீங்களா அண்ணி", "நல்லா இருக்கேன், நீ?" என்ற அளவில் பேச்சு நின்றுபோனது. சண்டையாவது வந்திருக்கலாம் என்று தோன்றும் அவருக்கு.

இந்த வருடம் மே மாதம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் அண்ணனைப் பார்க்க வந்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் இரண்டு வருடமாக முன்மேசையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை உட்கார வைப்பது, தேதி கொடுப்பது, முந்தின நாள் போன் செய்து நினைவூட்டுவது எல்லாம் அவள்தான். அண்ணனோடு கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். ஏனக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது.

"வேலை இருக்குமான்னே தெரியலண்ணா" என்றாள் நாத்தனார். "மறுபடி வர வேண்டியவங்க தேதியை டாக்டரே அவர் லேப்டாப்ல அடிக்கிறார். அந்த ஷீட்டைத்தான் நான் வெளியில திறந்து பாத்து போன் பண்றேன். ஆறாம் தேதி ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க. லிஸ்ட்லயே இல்ல. தேடினா ஜூன் அஞ்சுன்னு இருக்கு. 'நான் மே ஆறுன்னுதான் அடிச்சேன், நீதான் எதையோ அமுக்கி மாத்திட்ட'ன்னு டாக்டர் எல்லார் முன்னாலயும் கத்தறார். நான் அந்த ஷீட்ல ஒரு எழுத்துகூட அடிக்கறதில்ல!"

"ஒரு தடவைதானே?"

"தினமும்ண்ணா! மாசம் பொறந்ததுலேர்ந்து தினமும். வர்றவங்களுக்கு லிஸ்ட்ல பேர் இல்ல. 'இன்னொரு தடவை நடந்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்'னுட்டார். என்ன கூத்துன்னா, பதிமூணாம் தேதியிலேர்ந்து ஒரு தப்பும் இல்ல. 'பாத்தியா, ஒரு அதட்டு போட்டதும் சரியாயிடுச்சு'ன்னு அதையும் என் தலையிலயே கட்றார்."

சமையலறையில் கத்தி நின்றது. ஏனக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பதிமூணுலேர்ந்தா?"

நாத்தனார் அவர் பக்கம் திரும்பவில்லை. அண்ணனைப் பார்த்து, "அண்ணி கை வெச்சா இருக்கிறதும் போயிடும்ண்ணா" என்றாள்.

ஓட்டுநர் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். அது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"கை வைக்கல" என்றார் ஏனக்கா. "கேக்க மட்டும் கேக்கறேன். எந்தெந்தத் தேதி என்னவா மாறிச்சு?"

நாத்தனார் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தாள். யாரும் நம்பாததால், தனக்காகவாவது இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் அதில் குறித்து வைத்திருந்தாள்.

"ஆறாம் தேதி, ஜூன் அஞ்சு. ஏழாம் தேதி, ஜூலை அஞ்சு. எட்டு, ஆகஸ்ட் அஞ்சு. பன்னெண்டாம் தேதி வந்தவர் இடமில்லன்னு திரும்பிப் போயிட்டார், வேர் சிகிச்சை பாதியில நிக்குது. அவருக்கு டிசம்பர் அஞ்சு!"

"அதுக்குள்ள பல்லு தானாவே விழுந்துடும்" என்றார் அண்ணன். நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு, மூணு எல்லாம்?"

"ரெண்டாம் தேதி, பிப்ரவரி அஞ்சு. மூணு, மார்ச் அஞ்சு. முடிஞ்சுபோன தேதி. அதனால என் கண்ணுலயே படல. அவங்க வந்து நின்னப்பதான் தெரிஞ்சுது."

"அஞ்சாம் தேதி?"

"அஞ்சாம் தேதி மட்டும் தப்பில்ல. மூணு பேரு. மூணு பேரும் சரியா இருந்தாங்க."

ஏனக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். தபால் பிரிவில் இருபது வருடங்கள் தேதி முத்திரை குத்தியவர் அவர். தேதிகள் சும்மா தொலைவதில்லை என்று அவருக்குத் தெரியும். முன்னும் பின்னும் எல்லாம் பாழாயிருக்கும்போது ஐந்தாம் தேதி மட்டும் ஏன் தப்பியது? டைரியை வாங்கி, ஒவ்வொன்றையும் எண்களில் எழுதினார். 6/5 போட்டது 5/6 ஆகியிருக்கிறது. 7/5 போட்டது 5/7. 12/5 போட்டது 5/12. அப்புறம் 5/5. அதைத் திருப்பினாலும் 5/5.

"நாளும் மாசமும் இடம் மாறுது" என்றார். "அஞ்சாம் மாசத்துல அஞ்சாம் தேதியை எப்படித் திருப்பினாலும் ஒண்ணுதான். பதிமூணை மாத்த முடியாது. பதிமூணாவது மாசம்னு ஒண்ணு கிடையாதே!"

நாத்தனார் டைரியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினாள். "அப்போ அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி...?"

"மறுபடி ஆரம்பிக்கும்."

"அதட்டு போட்டதால சரியாகல."

"இல்ல."

"அப்போ யாரு மாத்தறா? நான் மாத்தல. டாக்டரும் சரியாத்தான் அடிச்சேன்றார். அவர் லேப்டாப்ல பாத்தா இப்பவும் ஆறு, அஞ்சுன்னுதான் தெரியுதுன்னு சாதிக்கிறார். ரெண்டு பேருல ஒருத்தர் பொய் சொல்லியாகணும்ல?"

ஏனக்காவுக்கும் அதுதான் தெரியவில்லை. ஒரே கோப்பு, இரண்டு பேர், இரண்டு தேதி. பார்க்காமல் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, நாத்தனாருடன் மருத்துவமனைக்குப் போனார். ஒரு மணி முதல் நான்கு மணி வரை அங்கே நோயாளிகள் கிடையாது. கண்ணாடிக் கதவு, ஆறு நாற்காலிகள், சுவரில் ஒரு பெரிய கடைவாய்ப் பல்லின் குறுக்குவெட்டுப் படம். பல் டாக்டர் கச்சிதமான மனிதர். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. கவனத்துலதான் பிரச்சினை" என்றார்.

"இருக்கலாம் டாக்டர். பத்து நிமிஷம் கொடுங்க. எதையும் மாத்த மாட்டேன். பாக்க மட்டும் செய்யறேன்."

உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்த ஷீட்டை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து நாத்தனாருடைய கையில் கொடுத்தது.

"இதை அன்னிக்கே பண்ணியிருக்கலாம்" என்றாள் நாத்தனார், டாக்டருக்குக் கேட்காத குரலில்.

"பண்ணியிருக்கணும்" என்றார் ஏனக்கா.

பிறகு டாக்டரின் லேப்டாப்பை உள்ளேயிருந்து எடுத்துவந்து முன்மேசைக் கணினிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இரண்டிலும் அதே ஷீட்டைத் திறந்தார். நாற்பத்தொன்றாவது வரி, எட்டாம் தேதி வர வேண்டியிருந்த ஒரு பேக்கரிக்காரர். லேப்டாப்பில் 8/5 என்று இருந்தது. முன்மேசையில் 05/08 என்று இருந்தது.

டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தார். இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஃபைல்தானா?"

"நீங்களே மூடித் திறந்து பாருங்க."

மூடித் திறந்தார். அப்படியேதான் இருந்தது. நாத்தனார் நின்ற நிற்பே மாறியிருந்தது. இத்தனை நாள் அவள் மேசையின் ஓரத்தில் நிற்பாள். இப்போது நடுவில் நின்றாள்.

"அண்ணி" என்றாள் திடீரென்று, "இங்க பாருங்க. இந்தத் தேதியெல்லாம் கட்டத்துல வலப்பக்கம் ஒட்டிட்டு நிக்குது. பதிமூணுலேர்ந்து மேல உள்ளதெல்லாம் இடப்பக்கம் நிக்குது. நான் தினம் பாக்கறேன். ஏதோ அழகுக்குன்னு நினைச்சேன்."

ஏனக்கா கைதட்டியே விட்டார். அவர் கவனிக்காத விஷயம் அது.

டாக்டரிடம் ஒரு வெற்றுத் தாள் கேட்டு வாங்கி, எழுதிக் காட்டிக்கொண்டே சொன்னார். "டாக்டர், நாம ஒரு தேதியை அடிச்சா, கம்ப்யூட்டர் அதை அப்படியே வெச்சுக்கறதில்ல. ஒண்ணாம் நாள், ரெண்டாம் நாள்னு ஒரு பழைய நாள்லேர்ந்து எண்ணிட்டு வரும். உள்ள வெச்சிருக்கறது அந்த எண்ணிக்கை. அதை நமக்குக் காட்டும்போதுதான் தேதியா உடுத்திக் காட்டுது. எங்க ஆபீஸ்ல பழைய தமிழ் ஃபைலும் இப்படித்தான். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. உங்க லேப்டாப்புக்கு மாசம் முதல்ல, நாள் அப்புறம்னு சொல்லிக் கொடுத்திருக்கு. இந்தக் கம்ப்யூட்டருக்கு நாள் முதல்ல. நீங்க எட்டு, அஞ்சுன்னு அடிக்கறீங்க. அது ஆகஸ்ட் அஞ்சுன்னு புரிஞ்சுக்குது. புரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கு எட்டு, அஞ்சுன்னே திருப்பிக் காட்டுது. நீங்க சரின்னு போயிடறீங்க. இவ திறக்கும்போது அதே ஆகஸ்ட் அஞ்சை அஞ்சு, எட்டுன்னு காட்டுது."

"பதிமூணு?"

"பதிமூணு, அஞ்சுன்னு அடிச்சா, பதிமூணாவது மாசமான்னு அது முழிக்குது. இது தேதியே இல்லன்னு முடிவு பண்ணி, வெறும் எழுத்தா அப்படியே வெச்சுடுது. எழுத்துன்னா இடப்பக்கம் நிக்கும். எண்ணுன்னா வலப்பக்கம் நிக்கும். அதைத்தான் இவ கண்டுபிடிச்சா."

டாக்டர் தாளைத் திருப்பி வைத்துப் படித்தார். "அப்படின்னா, அதுக்குப் புரிஞ்சதெல்லாம் தப்பு. புரியாததெல்லாம் சரியா இருக்கு."

"ஆமா டாக்டர்."

"எங்கிட்ட வர்ற சில பேரும் அப்படித்தான்" என்றவர், வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்தக் குரலில் இருந்தது.

ஏனக்கா லேப்டாப்பில் ஒரு புதிய ஷீட்டைத் திறந்தார். "அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியை அடிங்க." டாக்டர் 1/6 என்று அடித்து, வருடத்தையும் போட்டார். மாதத்தைப் பெயராகக் காட்டும்படி அந்தக் கட்டத்தின் வடிவத்தை ஏனக்கா மாற்றினார். கட்டத்தில் ஜனவரி 6 என்று வந்தது.

மூன்று பேரும் அந்த ஜனவரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்த லேப்டாப்புக்கு யாரு அப்படிச் சொல்லிக் கொடுத்தா?" என்றார் டாக்டர்.

"முதல் தடவை ஆன் பண்ணும்போது எந்த ஊரு, எந்த மொழின்னு வரிசையா கேட்டிருக்குமே?"

டாக்டர் முகவாயைத் தடவினார். ஏப்ரல் பாதிக்கு மேல் வாங்கிய லேப்டாப் அது. "அடுத்து, அடுத்துன்னு அமுக்கிட்டே போனேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான்தான் அமுக்கினேன்" என்று திருத்திச் சொன்னார், யாரோ மறுத்துப் பேசிவிட்டதைப் போல.

அமைப்பை மாற்ற ஒரு நிமிடம் ஆனது. ஆனால் அதோடு முடியவில்லை. ஏற்கெனவே தப்பாகப் புரிந்துகொண்டு உள்ளே வைத்திருப்பதை, அமைப்பை மாற்றினாலும் கணினி தானாகத் திருத்தாது. எண்பத்து மூன்று வரிகள் இருந்தன. வலப்பக்கம் நிற்பதையெல்லாம் திருப்பிப் போட்டால் போதும் என்றார் டாக்டர். ஏனக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிகிச்சை அட்டை இருந்தது. அடுத்த தேதியை டாக்டர் அதில் கையால் எழுதுவது வழக்கம். அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஒருமுறை சுட்டுக்கொண்டவரின் பிடிவாதம் அது. நாத்தனார் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது அவள்தான்.

டாக்டர் படித்தார், நாத்தனார் அடித்தாள். மூன்றாவது அட்டையிலேயே வண்டி நின்றது.

"இது ஏழா, ஒண்ணா?" என்று தன் கையெழுத்தைத் தானே உற்றுப் பார்த்தார் டாக்டர்.

"ஏழு" என்றாள் நாத்தனார். "உங்க ஒண்ணுக்குத் தொப்பி இருக்காது."

அதற்குப் பிறகு அவள் படித்தாள், டாக்டர் அடித்தார். ஏனக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஜூன் முதல் வாரத்துக்கு உரியவர்கள் பதினான்கு பேர், ஜனவரியிலிருந்து ஜூலை வரை சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொருவராகப் பிடித்து அவரவர் இடத்தில் உட்கார வைத்தார்கள். வேர் சிகிச்சைக்காரர் டிசம்பரிலிருந்து இந்த வாரத்துக்கு வந்து சேர்ந்தார். நாத்தனார் அவருக்கு உடனே போன் செய்தாள். நல்ல வேளை, வலி இல்லை என்றார். கோபம் இருந்தது, அதையும் அவள் கேட்டுக்கொண்டாள்.

கடைசியாக, இனி அந்த ஷீட்டில் மாதம் எண்ணாக வராமல் பெயராகவே வரும்படி செய்து வைத்தார் ஏனக்கா. மே 6 என்று இருந்தால் யாராலும் அதை ஜூன் என்று படிக்க முடியாது.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். நாற்காலிகள் நிறைந்தன. டாக்டர் உள்ளே போகவில்லை. நோயாளிகளுக்கு நடுவில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்தார்.

"இந்த மாசம் தேதியில நடந்த குளறுபடிக்கு நான்தான் காரணம். இவங்க இல்ல. இவங்களை நான் திட்டினதைப் பாத்தவங்க யாராவது இருந்தா, அவங்களும் இதைக் கேட்டுக்கணும்."

ஒரு முதியவர் மட்டும் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். அன்று திட்டைக் கேட்டவர்களில் அவர் ஒருவர்தான் அங்கே இருந்தார். மற்றவர்களுக்கு என்ன விஷயமென்றே தெரியாது. நாத்தனார் முன்மேசையில் குனிந்து, எதையோ தேடுவதைப் போல இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

அவளுடைய வேலை முடியும்வரை ஏனக்கா காத்திருந்தார். ஆறரை மணிக்கு இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. முதல் பேருந்து கூட்டமாக வந்தது. இருவருமே ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

"அண்ணி, பாப்பா போட்டோ எல்லாம் இனிமே வராதுல்ல?"

"வராது."

"தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாத்தேன்."

"நான் ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும்" என்றார் ஏனக்கா. "உன்னையே பக்கத்துல உக்கார வெச்சு, எது எங்க இருக்குன்னு காட்டச் சொல்லியிருக்கணும். வேகமா சரி பண்ணிக் காட்டணும்னு எனக்கு அவசரம். உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே எனக்கு ஆறு வருஷம் ஆயிடுச்சு."

நாத்தனார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "உங்க மேல கோவம்னு இல்ல அண்ணி. மொதல்ல இருந்துது. அப்புறம் எப்படிப் பேச ஆரம்பிக்கறதுன்னு தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "இன்னிக்கு நீங்க பென் டிரைவை எங்கிட்ட கொடுத்தப்போ அழுகை வந்துடுச்சு. டாக்டர் இருந்தாரேன்னு அடக்கிக்கிட்டேன்" என்றாள்.

இரண்டாவது பேருந்து வந்தது. அது ஓட்டுநர் கணவருடைய வழித்தடம். ஆனால் ஓட்டியது வேறு யாரோ. இருவரும் ஏறி, சேர்ந்து உட்கார இடம் இல்லாததால் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே போனார்கள். ஏனக்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி கடைசியில் பொறுக்க மாட்டாமல், "நீங்க வேணா என் இடத்துல உக்காருங்க" என்று எழுந்துகொண்டார்.

ஜூன் ஒன்றாம் தேதி பகல் ஒரு மணிக்குத் தபால் பிரிவின் தொலைபேசி அடித்தது. நாத்தனார்தான்.

"இன்னிக்குக் காலையில நாலு பேரு அண்ணி. நாலு பேரும் லிஸ்ட்ல இருந்தாங்க. நாலு பேரும் வந்துட்டாங்க. ஒருத்தர் மட்டும் அரை மணி லேட்."

"அவர் ஏன் லேட்?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் அண்ணி!" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

பல் டாக்டர் தன்னிடம் வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் நடுவில் நிறுத்தச் சொல்ல முடியாதல்லவா? அதனால் முழுதாகச் சொன்னார். அதைக் கேட்டு ஒரு பதிப்பகத்துக்காரர் வந்தார், ஒரு பூக்கடைக்காரர் வந்தார். இப்போது சனிக்கிழமைகளில் ஏனக்கா யாராவது ஒருவருடைய அலுவலகத்துக்குப் போகிறார். போவதற்கு முன்பு அவர் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அவர் வந்து பார்க்கும்வரை கணினியை யாரும் அணைத்துப் போடக் கூடாது. அணைத்துப் போட்டால் கோளாறு ஓடிவிடும். எங்கிருந்து வந்தது என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.

கடந்த மூன்று சனிக்கிழமைகளாக அவர் போவது ஒரு கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளிக்கு. அங்கே உள்ள கணினியின் கடிகாரம் தினமும் சாயங்காலமானால் நான்கு நிமிடம் முந்தி நிற்கிறது. பின்தங்கினால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். இது முந்துகிறது. முதல் வாரம் பேட்டரியை மாற்றிப் பார்த்தார். இரண்டாம் வாரம் இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். திங்கட்கிழமையே மறுபடி முந்தியது. மூன்றாம் வாரம் மேசைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு, தன் கைக்கடிகாரத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் பார்க்கும்போது அது ஒரு நொடிகூட முந்தவில்லை.

கிளம்பும்போது, அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். மூத்தவள் மெதுவாக, "அவசரம் ஒண்ணும் இல்லக்கா. நிதானமாவே கண்டுபிடிங்க" என்றாள். "தினமும் நாலு நிமிஷம் முன்னாடியே வீட்டுக்குக் கிளம்பறோம்ல."